பச்சை விழுந்து பதினொரு வினாடி

பீல் நகரசபையிலிருந்து கடுதாசி.
ஜெர்மனில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று,
அடியில் தமிழிலும் ஒன்று.
எங்கள் பிள்ளை யாரோதான் பெயர்த்திருக்க வேண்டும்,
கிழவர் என்று எழுதக் கூச்சப்பட்டு
எல்லா இடத்திலும் 'மூத்தவர்' என்று போட்டிருந்தது.

பெயருக்குப் பன்னிரண்டு கட்டம்.
பாஸ்போட்டில் உள்ளபடி இரத்தினசபாபதிக்கு
இன்னும் இரண்டு வேண்டும்.
கடைசி இரண்டு எழுத்தும்
பஸ் மிதிபலகையில் தொங்குகிறவர்கள் மாதிரி
கட்டத்துக்கு வெளியே.

முதற் கேள்வி:
பூச்சியத்திலிருந்து பத்துக்குள்
உங்கள் வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி?

பேனையை மூடிவிட்டேன்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
முப்பத்திரண்டு வருடம் துணிக்கு நிறை பார்த்தவன் நான்.
ஈரத்தில் ஒரு நிறை,
காய்ந்தபின் ஒரு நிறை.
எதைக் கேட்கிறார்கள்?

இரண்டாம் கேள்வி சுகமானது.
வெளியே நடக்க என்ன தடை?
எழுதினேன், தாள் போதவில்லை.

ஷுஸ் ஆற்றுப் பாலத்துச் சந்தியில்
பச்சை பதினொரு வினாடி.
எனக்குப் பதினான்கு வேண்டும்.
மிச்ச மூன்றையும்
கையை உயர்த்தி, மன்னிப்புக் கேட்கிறவனாக,
யாரோ ஒரு வான் சாரதியின் தயவில் நடக்கிறேன்.

தபாற்கந்தோருக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில்
ஒரு வாங்கு இல்லை.
சவப்பெட்டிக் கடை ஒன்று உண்டு.
அதன் ஜன்னல் விளிம்பு உட்காரத் தோதான உயரம்.
உள்ளே இருப்பவர் மரியாதையாகத் தலையசைப்பார்,
தனக்கு ஒரு அவசரமும் இல்லை என்பதுபோல.

கக்கூஸுக்குப் போகக் கோப்பி வாங்க வேண்டும்.
கோப்பி குடித்தால் மறுபடி கக்கூஸ்.
ஒரு சுற்றுக்கு நாலு பிராங் இருபது.

இவ்வளவும் எழுதிப் போட்ட மாதம்
மூன்றாம் மாடி மதாம் ஃப்ருவாத்வோ
கதவைத் தட்டினாள்.
வயது எண்பத்தொன்று, மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் இருந்தவள்.
கழுத்தில் ஸ்டாப்வாட்ச்.
நகரசபை ஆள் கேட்கிறதாம், சந்தியில் நின்று அளக்க.

மழையில் மூன்று கிழமை அளந்தோம்.
தள்ளுவண்டியோடு வரும் கொசோவோக்காரர் பதினேழு.
இரட்டைப் பிள்ளை சுமந்த வயிற்றோடு ஒருத்தி பதினைந்து.
என் முறை வந்தது.
ஒருத்தி நேரம் பார்க்கிறாள் என்றதும்
கால் தன்பாட்டில் விரைந்து
பன்னிரண்டில் கரை சேர்ந்தேன்.

"பொய் நடை" என்றாள்.
"திரும்பிப் போய்
உன்னுடைய காலோடு வா."

எழுபத்து நாலு வயதில் முதல்தடவையாக
ஒரு பெண்ணுக்கு முன்னால்
இருக்கிறபடியே நடந்தேன்.

ஐப்பசியில் பச்சையைப் பதினாறாக்கினார்கள்.
கார்க்காரர் ஒருவர் பேப்பரில் புலம்பினார்.
வாங்கும் வந்தது,
கார்த் தரிப்பிடத்தின் சுவரைப் பார்த்தபடி.
நல்ல சுவர் என்றாள் மதாம், விரிசல் இல்லை.

அக்கரை சேர்ந்தும் எனக்கு இரண்டு வினாடி மிச்சம்.
என்ன செய்வதென்று தெரியாது அதை வைத்து.
ஒருநாள் நடுவீதியிலேயே செலவழித்தேன்:
பாலத்துக்குக் கீழே
ஒரு தாரா நீரை எதிர்த்து
அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

இந்த வருடமும் கடுதாசி.
வாங்கில் இருந்து இருவரும் நிரப்பினோம்.
நான் ஏழு போட்டேன், ஏழரைக்குக் கட்டம் இல்லை.
அவள் தாளை எட்டிப் பார்த்தேன். நான்கு.

"சந்தி திருந்திவிட்டதே?"

"சந்தியில் நான் படுப்பதில்லை" என்றாள்.
லிஃப்ட் இல்லாத கட்டடம் எங்களது.
நகரம் வாசற்கதவோடு முடிந்துவிடும்.
அங்கிருந்து அவளுக்கு ஐம்பத்திரண்டு படி.
வீட்டுக்காரருக்கு நாலு கடிதம் போட்டிருக்கிறாள்,
பதில் ஒன்று வந்தது, வாடகை உயரும் என்று.

இருட்டிக்கொண்டு வந்தது.
வாசலில் அவளுடைய உருளைக்கிழங்குப் பையை
நான் எடுத்துக்கொண்டேன்.
முதற் படியில் ஒரு காலை வைத்து
அவள் ஸ்டாப்வாட்சை அழுத்தினாள்.